இரண்டு முனையும் தெரிந்தால்தான் அளவு

மரவேலைக்கும் இன்டீரியர் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன். கையில் பிடித்து அளக்கும் லேசர் மீட்டரை லைக்கா நிறுவனம் ‘டிஸ்டோ’ என்ற பெயரில் 1993-இல் முதலில் கொண்டுவந்தது. இன்று அது ஆசாரியின் சட்டைப் பையில் இருக்கிறது. ஒற்றை ஆளாக ஒரு வீட்டையே அளந்துவிடலாம். மின்கம்பி ஓடும் இடத்தில் இரும்பு டேப்பை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் டேப்பில் ஒரு முனை உங்கள் கையிலும் மறுமுனை இன்னொருவர் கையிலும் இருக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியும். லேசர் மீட்டர் எண்ணைத்தான் காட்டும். அந்த எண் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

1. முதலில் கண். கருவியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ‘கிளாஸ் 2’ என்றும், ஒரு மில்லிவாட்டுக்குக் குறைவு என்றும் போட்டிருக்கும். கூச்சம் பட்டதும் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் இந்த வகுப்பைப் பாதுகாப்பானது என்கிறார்கள். வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. கதிர் கண்ணில் பட்டுவிட்டால் உடனே கண்ணை மூடித் தலையைத் திருப்புங்கள்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் அளக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சுவரில் சிவப்புப் புள்ளியைக் கண்ட குழந்தை, அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பிக் கருவியின் வாயைத்தான் பார்க்கும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் நம் கண்ணுக்கு ஆபத்தில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கண் உயரம். குழந்தை அறைக்குள் வந்தால் அணைத்துவிடுங்கள். அலங்கார மேசைக் கண்ணாடி, பளபளக்கும் ஸ்டீல் ஆகியவற்றில் பட்ட கதிர் நீங்கள் நினைக்காத பக்கம் திரும்பிப் போகும். கருவியோடு சிவப்பு நிறக் கண்ணாடி வந்தால், அது புள்ளி நன்றாகத் தெரிவதற்கு மட்டுமே. அது கண்ணைக் காக்காது.

2. அளவு எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் திரையில் பாருங்கள். பின்முனை, முன்முனை, ஸ்டாண்டு மாட்டும் துளை என்று மாற்றி வைத்துக்கொள்ள வழி உண்டு. சில கருவிகள் அணைத்துப் போட்டதும் பின்முனைக்கே திரும்பிவிடும். சில, கடைசியாக வைத்ததையே வைத்திருக்கும். உங்களுடையது எப்படி என்று பட்டறையிலேயே பழகிக்கொள்ளுங்கள். கருவியின் நீளம் ஏறக்குறைய 10 முதல் 12 செ.மீ. முன்முனையில் வைத்துவிட்டுப் பின்புறத்தைச் சுவரில் ஒட்டி அளந்தால், அந்த நீளம் அளவில் குறைந்துவிடும். பெரிய அறையில் இவ்வளவு பிழை பார்வைக்குத் தெரியாது. அலமாரியைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் பக்கத்தில் ஒரு கை நுழையும் சந்து தெரியும். மாறிப் போனால் அலமாரி உள்ளேயே போகாது.

3. புள்ளி எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஜன்னல் கண்ணாடியை ஊடுருவிப் போய், வெளியே இருக்கும் சுவரின் தூரத்தைக் கருவி காட்டக்கூடும். கறுப்புத் துணி, ஈரச் சுவர், தண்ணீர், பாலிஷ் போட்ட கிரானைட் எதையும் நம்பாதீர்கள். அந்த இடத்தில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி அதன்மேல் அளந்தால் போதும்.

4. கருவியைச் சாய்த்துப் பிடித்தால் அளவு எப்போதும் கூடுதலாகத்தான் வரும். 5 மீட்டர் அறையில் 3 டிகிரி சாய்ந்தால் கிட்டத்தட்ட 7 மி.மீ. கூடும். அது இரண்டு நூலுக்கும் மேல். தொடர்ந்து அளக்கும் முறையில் வைத்து, கருவியை மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். அதில் வரும் மிகக் குறைந்த எண்தான் எதிர்ச்சுவருக்கு நேர் தூரம். மூலைக்கு மூலை அளக்கும்போது இதற்கு நேர்மாறாக, மிக அதிகமான எண்ணை எடுக்க வேண்டும்.

5. அலகை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அதிகச் சண்டை இதில்தான் வருகிறது. பலகையை 8-க்கு 4 என்று அடியில் வாங்குகிறோம், அதன் கனத்தை 18 என்று மில்லிமீட்டரில் சொல்கிறோம், இடைவெளியை நூலில் கேட்கிறோம். திரையில் 10.5 அடி என்று இருந்தால் அது 10 அடி 6 அங்குலம். 10 அடி 5 அங்குலம் என்று சீட்டில் எழுதினால் ஓர் அங்குலம் போய்விட்டது. மில்லிமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரிலேயே எழுதி, மில்லிமீட்டரிலேயே அறுக்கச் சொல்லுங்கள். அடியில் கேட்கும் வீட்டுக்காரருக்குத் தனியாக மாற்றிச் சொல்லலாம்.

6. ஒரு சுவரை ஒரே இடத்தில் அளந்துவிட்டு வராதீர்கள். எவ்வளவு நல்ல கொத்தனார் பூசியிருந்தாலும் சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று என்றுதான் இருக்கும். தரையருகே, நடுவில், மேலே என மூன்று அளவு எடுத்து, குறைந்ததை வைத்து அலமாரி செய்யுங்கள். மூன்றையும் சீட்டில் எழுதுங்கள், ஆசாரிக்குத் தேவைப்படும்.

7. திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கக் கூடாது. கட்டி முடியாத கட்டடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும், மூடாத லிஃப்ட் குழியும் உண்டு. நின்ற பிறகு அளங்கள், அளந்த பிறகு நடங்கள்.

8. வெயிலில் புள்ளி தெரியாது; தூரமும் துல்லியமும் குறையும். காலையிலோ மாலையிலோ அளங்கள். நேரம் இல்லையென்றால் அட்டையைப் பிடிக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். கிடையாகவும் சரிவாகவும் அளந்து உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு அளவின் பிழையும் விடைக்குள் போய்ச் சேரும் என்பதால், உயரத்தைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதை நம்பி மரம் அறுக்காதீர்கள்.

9. கருவி கீழே விழுந்தால் சோதிக்காமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது. பட்டறையில் நகராத இரண்டு பரப்புகளுக்கு இடையிலான தூரத்தை நல்ல டேப்பால் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். விழுந்த கருவியை மட்டுமல்ல, பெரிய வேலைக்குக் கிளம்பும் நாளில் நல்ல கருவியையும் அங்கே அளந்து பாருங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் முன்பின் சொல்லியிருப்பார்கள். அதைத் தாண்டினால் முதலில் லென்ஸில் சிமென்ட் தூசி இருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய துணியால் துடைத்து, மீண்டும் அளங்கள். அப்போதும் மாறினால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். நீங்களே திருகைக் கழற்றித் திறக்காதீர்கள். அது திரும்பி வரும்வரை டேப்பில் வேலை செய்யுங்கள். கைநீளத்துக்குள் அடங்கும் சிறு அளவுகளுக்கு எப்போதும் டேப்தான் வசதி.