ஒரு கேபி கோப்பு போதும், சர்வர் படுத்துவிடும்: பார்சர் பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை

சேவை முடக்கத் தாக்குதல் என்றதும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் சர்வரை மொய்ப்பதுதான் நினைவுக்கு வரும். எக்ஸ்எம்எல், ஜேசன், யாமல் படிக்கும் லைப்ரரியில், அதாவது பார்சரில், ஓட்டை இருந்தால் அந்தக் கூட்டமே வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கை போதும். பல செயலிகளில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதற்கு முன்பே பார்சர் வேலையைத் தொடங்கிவிடுவதால், தாக்குபவருக்கு அங்கே ஒரு கணக்குகூடத் தேவைப்படாது. வந்த கோப்பு எத்தனை கேபி என்பதைவிட, அதைப் படித்து முடிக்க எவ்வளவு மெமரியும் சிபியு நேரமும் பிடிக்கும் என்பதே முக்கியம். அந்தச் செலவுக்குக் கடிவாளம் போடும் வழிகள் இவை.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வையுங்கள். மொத்த அளவுக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதாது. ‘[’ குறியை ஒரு லட்சம் முறை அடித்தால் சுமார் 100 கேபிதான், தன்னைத்தானே அழைத்து அடுக்குக்குள் இறங்கும் பார்சருக்கு ஸ்டாக் நிரம்ப அது போதும். அடுக்கின் ஆழம், சரத்தின் நீளம், எண்ணின் இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் வரம்பு வேண்டும். பிஎச்பியின் ஜேசன் பார்சர் இயல்பாகவே 512 அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறது. ஜாவா உலகின் ஜாக்சன், 2023-ல் வந்த 2.15 வெர்ஷனில் ஆழத்துக்கு 1000 என்று வரம்பு வைத்தது. உங்கள் ஏபிஐக்கு ஆறு அடுக்கு போதுமென்றால் 20 என்று குறைத்து வையுங்கள்.

2. வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லில் டாக்டைப் பகுதி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ‘பில்லியன் லாஃப்ஸ்’ தாக்குதல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 3 பைட் சொல் ஒன்றை ஒரு என்டிட்டியாக வைப்பார்கள். அடுத்த என்டிட்டி அதை 10 முறை அழைக்கும். அதற்கடுத்தது இதை 10 முறை அழைக்கும். ஒன்பது படி ஏறினால் 100 கோடி சொற்கள், ஏறக்குறைய 3 ஜிபி. மூலக் கோப்போ 1 கேபி அளவுதான். எக்ஸ்பாட் லைப்ரரியில் இதற்கான தடுப்பு 2021-ல், 2.4.0 வெர்ஷனில்தான் வந்தது. அதற்கு முந்தையது உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

3. சுருக்கிய கோப்பை விரிக்கும்போதே பைட்டுகளை எண்ணுங்கள். வரம்பு தாண்டிய நொடியே நிறுத்துங்கள். கோப்பின் தலைப்பகுதி தன் அளவென்று சொல்வதை நம்ப வேண்டாம். அதை எழுதியதும் அனுப்பியவர்தான்.

4. பார்சரைத் தனி பிராசஸில், மெமரி வரம்பும் நேர வரம்பும் வைத்து ஓட்டுங்கள். நோட் ஜேஎஸ்ஸில் டைமர் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பார்சர் அதே த்ரெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த டைமருக்கு முறை வராது.

5. மறைமுகமாக வந்து சேரும் லைப்ரரிகளையும் கணக்கில் எடுங்கள். ஜாவாவில் ஸ்பிரிங் பூட் போட்டாலே ஸ்னேக்யாமல் என்ற யாமல் பார்சரும் கூடவே வந்துவிடும். அடுக்கின் ஆழத்துக்கு வரம்பே இல்லாத அதன் குறை 2022-ல், 1.31 வெர்ஷனில்தான் சரியானது.

செய்யக்கூடாதவை

1. வெளியார் எழுத்தின் மீது யோசிக்காமல் ரெஜெக்ஸை ஏவாதீர்கள். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. வரியின் ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் சாதாரண ரெஜெக்ஸ்தான் காரணம். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வேறோர் எழுத்து இருந்தது. முதல் வெற்றிடத்திலிருந்து கடைசிவரை ஓடி, வரி முடியவில்லை என்று கண்டு, இரண்டாவதிலிருந்து மறுபடி ஓடி, இப்படியே கிட்டத்தட்ட 20 கோடி சோதனைகள். நேரம் கைமீறாத ஆர்இ2 போன்ற இன்ஜினைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் சாதாரண சரச் செயற்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

2. ஹாஷ் டேபிளுக்குக் கணிக்கக்கூடிய ஹாஷைப் பயன்படுத்தாதீர்கள். எல்லாச் சாவியும் ஒரே ஹாஷ் மதிப்புக்கு வருமாறு அனுப்பினால், நொடியில் முடிய வேண்டிய தேடல் நத்தையாகிவிடும். பெர்ல் இதை 2003-லேயே சரிசெய்தது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் அலெக்ஸாண்டர் கிளிங்க், ஜூலியன் வேல்டே இருவரும் விளக்கிய பிறகே பிஎச்பி, ஜாவா, பைத்தான், ஏஎஸ்பி டாட் நெட் விழித்துக்கொண்டன.

3. எண்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற ஒற்றை எண்ணைப் படிக்கப் போய் 32 பிட் பிஎச்பி முடிவில்லாமல் சுற்றியது 2011-ல் அம்பலமானது. பைத்தான் 2022-ல், சரத்தை முழு எண்ணாக மாற்றுவதற்கு 4300 இலக்கம் என்று வரம்பு வைத்தது. வேலைக்கு இடைஞ்சல் என்று அதை அணைத்துவிடாதீர்கள்.

4. “கிராஷ்தானே, தரவு ஒன்றும் திருடு போகவில்லையே” என்று அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். குபெர்னெட்டிஸின் ஏபிஐ சர்வரையே ஒரு யாமல் கோப்பால் திணறடிக்க முடியும் என்று 2019-ல் தெரியவந்தது. அது நின்றால் மொத்த கிளஸ்டரையும் நிர்வகிக்க வழியில்லாமல் போகும்.

5. ஓட்டையைக் கண்டுபிடித்தால், தாக்கும் கோப்பை உடனே பொதுவெளியில் போடாதீர்கள். இங்கே ஒரு கோப்பே முழு ஆயுதம். எடுத்து அனுப்ப எந்தத் திறமையும் வேண்டாம். லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்குத் தனியாகத் தெரிவித்து, திருத்தம் வெளிவந்த பிறகு எழுதுங்கள்.