குறையாமல் சுருங்கும் ஒலி

எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குடுமியான்மலைக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றிருந்தேன். 7-ஆம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்ட இசைக் கல்வெட்டின் முன் நின்று, ஏழு இராகங்களுக்கான சுரங்கள் பாறையில் வெட்டப்பட்டிருப்பதை விளக்கினேன். “சுரம் இருக்கு சார், பாடினவங்க குரல் எங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களின் பாட்டிமார் பாடிய தாலாட்டு, நடவுப் பாடல்களைப் பதிவுசெய்து கணினியில் சேர்த்திருந்தேன். இடம் போதவில்லை என்று அனைத்தையும் குறைந்த தரத்தில் எம்பி3 ஆக மாற்றிவிட்டு, மூல வேவ் கோப்புகளை அழித்துவிட்டேன். பின்னர் ஒரு பாட்டி காலமானார். பேத்தி கேட்டபோது பாடலை ஒலிக்கவிட்டேன். சொற்கள் கேட்டன, இழுவையின் முடிவில் வரும் மெல்லிய நடுக்கம் மங்கிப்போயிருந்தது. நான் அழித்ததை இனி மீட்க முடியாது.

பிழை எங்கே? குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. இரு தடப் பதிவில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 எம்பி ஆகும். காது அதிகம் கவனிக்காது என்று கருதும் பகுதிகளை எம்பி3 நீக்கிவிடுகிறது. 2001-இல் முதல் பதிப்பு வெளியான ஃபிளாக் எதையும் நீக்குவதில்லை. எழுதும் முறையை மட்டும் மாற்றுகிறது. கோப்பு பல நேரங்களில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். இது திறமூல வடிவம், கட்டணமில்லை.

இதை வகுப்பில் கணக்குச் செயல்பாடாக நடத்தினேன்.

1. கரும்பலகையில் ஐந்து எண்கள்: 1204, 1207, 1209, 1208, 1213. கூட்டுத்தொகை 6041.

2. முதல் குழு, முதல் எண்ணையும் அடுத்தடுத்த வேறுபாடுகளையும் மட்டும் எழுதியது: 1204, +3, +2, −1, +5. இருபது இலக்கங்கள் எட்டாகின.

3. இரண்டாம் குழு, பத்துகளுக்கு முழுமையாக்கியது: 1200, 1210, 1210, 1210, 1210.

4. இரு சீட்டுகளையும் மூன்றாம் குழுவிடம் கொடுத்து, மூல எண்களை மீட்கச் சொன்னேன். முதல் சீட்டிலிருந்து ஐந்தும் அப்படியே வந்தன, கூட்டுத்தொகை 6041. இரண்டாவதில் 6040, மூல எண்களை மீட்க வழியே இல்லை.

ஃபிளாக் முந்தைய எண்களைக் கொண்டு அடுத்ததைக் கணித்து, கணிப்புக்கும் உண்மைக்குமான வேறுபாட்டைச் சேமிக்கிறது. கூட்டுத்தொகை போன்ற ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் கோப்பிலேயே வைக்கிறது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: கைபேசியில் வேவ் வடிவம் இருந்தால் அதில் பதியுங்கள். கட்டணமில்லா ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, ஃபிளாக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் இசைவுடன் குறித்துவையுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் படி வையுங்கள். கேட்பதற்கும் பகிர்வதற்கும் எம்பி3 போதும், மூலத்தை அழிக்காதீர்கள். எம்பி3-ஐ ஃபிளாக் ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும். போன ஒலி திரும்பாது.

கேள்வி கேட்ட மாணவி, மறுவாரம் தன் அப்பத்தாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதிவுப் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.