அணியத்துத் தகடு



உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. 1970-களில் கட்டப்பட்ட அந்தக் கட்டலினா 22 பாய்ப்படகை நீ வாங்கியது குறித்து உன் தகப்பனாருக்குக் கவலை உண்டு, எனக்கு இல்லை. பிராங்க் பட்லர் வடிவமைத்து, 1969-ல் கலிபோர்னியாவில் கட்டத் தொடங்கிய அந்த வகைப் படகுகள் 15,000-க்கும் மேற்பட்டவை தண்ணீரில் இறங்கியிருப்பதாலும், அவற்றுக்கான உதிரிப் பாகங்கள் இன்றும் விலைக்குக் கிடைப்பதாலும், பழையது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அணியத்தின் நுனியிலுள்ள தகட்டைப் பற்றி, “பளபளப்பாகத்தான் இருக்கிறது, பாலிஷ் போட்டால் போதும்” என்று நீ எழுதியிருப்பதை மட்டும், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்தத் தகட்டின் உத்தியோகம் என்னவென்று முதலில் யோசித்துப் பார். பாய்மரம் பின்னால் சாயாமல் அதை முன்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியின் கீழ்முனை அந்தத் தகட்டில்தான் கோத்திருக்கிறது. முன்பாயின் இழுப்பும் அந்தக் கம்பி வழியாக அங்கேதான் வந்து இறங்குகிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் கோடைப் பிற்பகல்களில் 20, 25 நாட் வேகத்தில் காற்று அடிப்பது சாமானியம் என்று உனக்கே தெரியும். அந்த வேளையில் தகடு அறுந்தால், மரம் விழுவது உட்கார்ந்திருப்பவர்களின் தலைமேல்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பாதி உண்மையே. அதிலுள்ள குரோமியம் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய படலமொன்றை உண்டாக்கிக்கொள்வதால்தான் அது கெடாமல் இருக்கிறது. அந்தப் படலம் சிதைந்த இடத்தில் மறுபடி உண்டாகவும் பிராணவாயு வேண்டும். தகட்டின் அடியிலும் போல்ட்டுத் துளைக்குள்ளும் உப்புத் தண்ணீர் புகுந்து, காற்றோட்டமின்றித் தேங்கிவிட்டால், மேலே முகம் பார்க்குமளவு மின்னுகிற உலோகம் அடியில் குழிகுழியாக அரிக்கப்பட்டு, கடைசியில் விரிசல் விடும். உன் இரண்டாவது படத்தில், இடப்பக்கத்து போல்ட்டின் கீழிருந்து தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கிறது; நீ அதை அழுக்கென்று நினைத்திருக்கலாம். உள்ளே நடப்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே தகட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். முன்பாயை ஏற்றும் கயிற்றை அணியத்தில் இழுத்துக் கட்டி, மரத்தை நிற்கவைத்தபடியே வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். டிரெய்லரில் கொண்டுபோகக்கூடிய இவ்வளவு சிறிய படகில், மரத்தை இறக்கிப் படுக்கவைத்துவிட்டுச் செய்வதே நல்லதென்பது என் அபிப்பிராயம். கழற்றிய தகட்டைச் சுத்தம் செய்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை மருந்தை அடித்தால், விரிசல் இருக்குமிடத்தில் தலைமயிர் போன்ற செங்கோடு எழும். வளைவிலும் துளை விளிம்பிலும் விசேஷமாகக் கவனி. கோடு தெரிந்தால் வெல்டிங் வைத்து ஒட்டுப்போட எண்ணாதே. பழையதை அளவாகக் கொடுத்து, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகத்தில், கூர்மையாக மடிக்காமல் சற்றே வட்டமாக வளைத்துப் புதிதாகச் செய்துகொள், அல்லது ஆயத்தமாக விற்பதை வாங்கு. போல்ட்டுகளும் அதே ரகத்தில் இருக்கட்டும்; பித்தளை வேண்டாம், கடல் நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும்.

தகட்டைவிட எனக்கு அதிகச் சந்தேகம் அதன் பின்னாலுள்ள மேல்தளத்தின்மேல்தான். இரண்டு பைபர் கிளாஸ் பலகைகளுக்கு நடுவே மரம் வைத்துக் கட்டிய தளத்தில், துளை வழியே நுழைந்த தண்ணீர் அந்த மரத்தைச் சத்தமில்லாமல் மக்கச் செய்யும். அங்கே நங்கூரக் கயிற்றைக் கட்டும் கிளீட்டைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போ. கணீரென்ற ஓசை மாறி மந்தமாகக் கேட்கும் இடம் ஊறிப்போன இடம். அங்கெல்லாம், கிளீட்டையும் கழற்றிவிட்டு, வளைத்த ஆணியொன்றை டிரில்லில் மாட்டித் துளைக்குள் சுழலவிட்டு, மக்கிய மரத்தைச் சுரண்டியெடுத்து, நன்றாக உலர்த்தி, அடிவாயை நாடாவால் அடைத்து, முதலில் தனி எபாக்ஸியை ஊற்றி மரம் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் மத்தியில் புதுத் துளை போட வேண்டும். அப்புறம் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பழுது வெகுதூரம் பரவியிருந்தால் மேற்பலகையையே அறுத்துத் திறக்கும்படியாகும். அது வேறு வேலை.

தகட்டையும் கிளீட்டையும் திரும்பப் பொருத்தும்போது, கெட்டியாகப் பிடிக்கட்டுமே என்று நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையைத் தடவிவிடாதே. அடுத்த முறை கழற்றுகிறவன் தளத்தையும் சேர்த்துப் பெயர்க்க நேரும். சிலிகோனும் வேண்டாம், அதன் எச்சத்தின்மேல் வேறெதுவும் ஒட்டாது. துளையின் மேல்வாயைச் சற்றுச் சரித்து, பியூட்டைல் நாடாவைப் போல்ட்டின் கழுத்தில் சுற்றி இறக்கு. மேலிருந்து ஒருவர் போல்ட்டின் தலையை அசையாமல் பிடிக்க, உள்ளிருந்து மற்றவர் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் நாடாவின் பிடி அறுந்துபோகும். சில நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்கு. கிளீட்டுக்கு அடியில் சிறு வாஷர்களை நம்பாமல், அகலமான கெட்டி பைபர் கிளாஸ் பலகையைக் கொடு. நங்கூரக் கயிற்றின் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழும்.

தகட்டின் அடிப்புறத்தையும் துளைகளின் உட்சுவரையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. புதியதற்குப் பணம் கட்டுமுன் நான் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா