நடுக்குவாதமும் மெய்விவாக வாக்கும்



ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பில் உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலியாணமாகி முப்பத்தைந்து வருஷம். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கணவருக்கு வலது கை நடுங்கத் தொடங்குகிறது. சட்டைப் பித்தான் போட வெகு நேரமாகிறது. பேச்சும் காதில் விழாதபடி தாழ்ந்துவிட்டது. பேரன் பிறந்த சேதியை மனைவி ஓடிவந்து சொல்கிறாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பில்லை. “இந்த மனுஷனுக்கு என்மேல் இருந்த பிரியமெல்லாம் போய்விட்டது” என்று அவள் அடுப்படியில் கண்ணீர் விடுகிறாள். “நான் இவளுக்குப் பாரமாகிவிட்டேன்” என்று அவர் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

இது உதாரணத்துக்குச் சொன்ன வீடு. ஆனால் இந்தக் கண்ணீர் பல வீடுகளில் மெய்யானது. அதற்காகவே இவ்வாரப் பாடம்.

1. வியாதி எது, மனுஷன் எது?

பார்க்கின்சன் வியாதி என்னும் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி 1817-ல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதினார். மூளைக்குள் டோபமைன் என்னும் ரசாயனத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிந்துபோவதால் இது வருகிறது. கை நடுக்கம் மாத்திரமல்ல. நடை மந்தம், தசை விறைப்பு, குரல் தாழ்வு இவையும் உண்டு. முகத்தின் தசைகளும் விறைத்துப்போவதால் உள்ளே இருக்கும் சந்தோஷம் வெளியே தெரிவதில்லை. மனச்சோர்வு, வீண்பயம், தூக்கக் கேடு ஆகியவையும் பலருக்கு இவ்வியாதியின் பகுதியே.

ஆகையால் ஒன்றை நன்றாய் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: சிரிக்காத முகம் அன்பில்லாத முகமல்ல.

1986-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது அவரைத் திடகாத்திரமாய்க் கண்டோம். பின்பு இதே வியாதியால் அவர் முகம் விறைத்து, கை நடுங்கி, குரல் அடங்கியதையும் கண்டோம். 2005 ஏப்ரல் 2-ந் தேதி மரிக்கும்வரை அந்த முகத்தோடுதான் அவர் மந்தையை மேய்த்தார். 2014-ல் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்டார். அந்த முகத்தில் அன்பில்லை என்று நம்மில் யாராவது நினைத்தோமா? அப்படியானால் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் முகத்தை மாத்திரம் ஏன் அப்படி நினைக்கிறோம்?

2. மருந்தும் வேளையும்

1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்னும் இரு விஞ்ஞானிகள் நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் அதுவே இவ்வியாதிக்குச் சிறந்த மருந்தென்று கண்டறியப்பட்டது. ஆனால் விதைப்பொடியை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வைத்தியரைக் கேளாமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற உணவு இம்மருந்தின் வேலையைச் சிலருக்குக் குறைக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னதாகக் கொடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

இம்மருந்தின் பலம் ஏறி இறங்கும். காலையில் தானாகவே குளித்தவர் மத்தியானம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். “நடிக்கிறார்” என்று சொல்லாதீர்கள். குடும்பக் காரியங்களை அவர் தெளிவாயிருக்கும் வேளையில் பேசுங்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

3. தோபித்தும் அன்னாளும்

தோபித்து ஆகமத்தை வாசித்துப் பாருங்கள். தோபித்து கண்பார்வை இழந்தார். மனைவி அன்னாள் கூலிக்கு நெசவு செய்து குடும்பத்தைக் காத்தாள். வேலை கொடுத்தவர்கள் கூலிக்குமேல் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தார்கள். அது திருடியதோ என்று தோபித்து சந்தேகித்தார். அவளும் மனம் பொறுக்காமல் சுடுசொல் சொன்னாள். இருவரும் நல்லவர்களே. நோயும் வறுமையும் இருவரையும் நெருக்கின. அந்தச் சண்டையை வேதாகமம் மறைக்கவில்லை. சர்வேசுரனும் அவர்களைக் கைவிடவில்லை.

நீங்களும் மறைக்க வேண்டாம். இவ்வியாதியிலும், அதற்குத் தரும் சில மருந்துகளாலும் சிலருக்கு மனைவியின் நடத்தையில் வீண்சந்தேகம், சூதாட்ட ஆசை, கண்டபடி செலவு, தாம்பத்திய விஷயத்தில் மிதமிஞ்சிய நிர்ப்பந்தம் இவை உண்டாவது உண்டு. இதைக் குணக்கேடென்று வைது, வெட்கத்தால் வாய்மூடிக் கிடந்து, எத்தனை விவாகங்கள் கசந்துபோகும்! வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மருந்தை மாற்றியோ குறைத்தோ சீர்ப்படுத்த வழியுண்டு. அவர் கைநீட்டி அடித்தாலோ, பயமுறுத்தினாலோ, பொறுத்துக் கிடப்பது புண்ணியமென்று எண்ணாமல் உடனே உதவி தேடுங்கள்.

4. சுமக்கிறவருக்கும் துணை வேண்டும்

நம் ஆண்டவரே சிலுவை சுமக்கையில் சீரேனே ஊர் சீமோனின் தோளை ஏற்றுக்கொண்டார். இரவு நாலு தடவை எழுந்து கணவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவிக்கும் ஒரு தோள் வேண்டாமா? களைப்பினால் வரும் சலிப்பை எல்லாம் பாவமென்று எண்ணி மனம் உடைந்துபோகாதீர்கள். மகனை அழைத்து, “மாதம் இரண்டு நாள் நீ வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்” என்று தெளிவாய்ச் சொல்லுங்கள். 2021-ல் அரசு தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

திருச்சபைத் தாயும் உங்களை மறக்கவில்லை. நோயாளியும், அவரைப் பராமரிக்கிறவரும், ஒரு மணி நேர உபவாசம் இல்லாமலே தேவ நற்கருணை வாங்கலாம். விழுங்கச் சிரமமானால் அப்பத்தில் சிறு துண்டு போதும்; சுவாமியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நோயிற்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மாத்திரம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். 1972-ல் சீர்திருத்தப்பட்ட முறைப்படி, கடும் வியாதியுள்ளவர் தெளிந்த புத்தியோடிருக்கும்போதே அதைப் பெறலாம்.

இவ்வாரத் தீர்மானம்

நோயுற்ற கணவரே, முகம் சொல்லாததை வாய் சொல்லட்டும்: “நீ செய்வதெல்லாம் எனக்குத் தெரியும்” என்று ஒரு தரமாவது சொல்லுங்கள். மனைவியே, பதில் வரத் தாமதமானாலும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். நோய் மனைவிக்கானால், கணவருக்கும் இதே கடமை. அயல் வீட்டாரே, வருகிற ஞாயிறு பூசை வேளையில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒருவர் காவலிருங்கள். மற்றவர் கோயிலுக்கு வரட்டும்.

பீடத்தின் முன் அன்று கொடுத்த வாக்கு, நடுங்கும் கையை நடுங்காத கை பிடித்திருக்கும் ஒவ்வொரு நாளும் மறுபடி கொடுக்கப்படுகிறது.

சிந்திக்க:
(1) என் துணைவரிடம் நான் கண்ட எந்தக் குறை உண்மையில் வியாதியின் குறை?
(2) வைத்தியரிடம் இதுவரை சொல்லாமல் மறைத்தது என்ன?
(3) நம் தெருவில் யாருடைய சுமைக்கு நான் தோள் கொடுக்கலாம்?