'இன்கிரீஸ்' - 'பை'யா, 'டு'வா?

பள்ளியில் தமிழில் இயற்பியல் பயின்று, கல்லூரியில் அதனை ஆங்கிலத்தில் தொடரும் மாணவர்கள், கணக்குப் போடத் தெரிந்திருந்தும் சில வேளைகளில் விடையைத் தவறவிடுகின்றனர். பிழை சூத்திரத்தில் இருப்பதில்லை. வினாவிலுள்ள ஒரு சிறு முன்னிடைச்சொல்லைக் கவனியாமையால் நேர்கிறது. 'அதிகரி' என்று பொருள்படும் 'இன்கிரீஸ்' என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். அதனுடன் 'பை', 'டு', 'வித்' ஆகிய மூன்றும் வரும். மூன்றுக்கும் பொருள் வேறு.

ஒரு கிலோகிராம் நீர் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ளது. அது 'இன்கிரீஸ்ட் பை 50 டிகிரி' என்றால், வெப்பநிலை 50 டிகிரி கூடியது. இறுதி வெப்பநிலை 80 டிகிரி. 'இன்கிரீஸ்ட் டு 50 டிகிரி' என்றால், 50 டிகிரிக்கு உயர்ந்தது. கூடியது 20 டிகிரி மட்டுமே. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் தேவை. ஆகவே முதல் வினாவின் விடை 2,10,000 ஜூல். இரண்டாவதன் விடை 84,000 ஜூல். ஒரு சொல் செய்யும் மாற்றத்தைப் பாருங்கள்!

இதை நினைவில் கொள்ளத் தமிழ் இலக்கணமே உதவும். 'டு' வருமிடத்தில் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'வைச் சேர்த்துப் படியுங்கள். 'பை' வருமிடத்தில் 'ஆல்' என்று கொள்ளாமல், 'இவ்வளவு கூடியது' என்று கொள்ளுங்கள்.

'பை' குறிப்பது இரு நிலைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. 'டு' குறிப்பது சென்றடையும் நிலை. ஆதலால் 'பை 20 டிகிரி செல்சியஸ்' என்பதும் 'பை 20 கெல்வின்' என்பதும் ஒன்றே. ஆனால் 'டு' வந்தால் அப்படியன்று. 20 டிகிரி செல்சியஸ் என்பது 293 கெல்வின். 20 கெல்வின் என்பதோ பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ். அந்நிலையில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் உறைந்து திண்மமாகிவிடும்.

இனி 'வித்'. உலோகக் கம்பியின் மின்தடை 'இன்கிரீசஸ் வித் டெம்பரேச்சர்' என்பர். 'வெப்பநிலையுடன்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. வெப்பநிலை உயர உயர மின்தடையும் உயரும் என்பதே கருத்து. எவ்வளவு உயரும் என்பதை இச்சொல் கூறாது. நேர்விகிதம் என்றும் கொள்ளக்கூடாது.

பயிற்சி: வாயு ஒன்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கல். வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் (1) 'பை 200 கிலோபாஸ்கல்' (2) 'டு 200 கிலோபாஸ்கல்' அதிகரிக்கப்பட்டால், பருமன் என்னவாகும்?

விடை: (1) மூன்றில் ஒரு பங்கு. (2) பாதி.