ஒளியால் தூய்மையாகும் பரப்பும் நம் கைகளும்

“கிருமிகளைத் தானே அழிக்கும் பூச்சு” என்னும் விளம்பரங்களை இப்போது அடிக்கடி காண்கிறோம். அத்தகைய பூச்சு சுவரிலும் கட்டிலிலும் இருந்தால் கை கழுவுவதைச் சற்றுத் தளர்த்தலாம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் ஏன் பிழையானது என்பதை அறிய, அப்பூச்சு செயற்படும் விதத்தை முதலில் அறிவோம்.

இவ்வகைப் பூச்சுகள் பலவற்றின் அடிப்படைப் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்டுக்கு நிறம் தருவதும் இதுவே. இது ஒரு குறைக்கடத்தி. அதாவது, போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் இதனுள் இருக்கும் எலக்ட்ரான் இடம் பெயர்ந்து, தன் பழைய இடத்தை வெற்றிடமாக விட்டுச் செல்லும். ஒளி படும்போது இப்பொருள் நீரைப் பிரிக்க உதவுவதை ஜப்பானிய அறிவியலாளர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

பூச்சின் பரப்பில், இடம் பெயர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச் சென்ற வெற்றிடமும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிகின்றன. அப்போது உருவாகும் வீரியமிக்க மூலக்கூறுகள் எண்ணெய்ப் பசையையும் பாக்டீரியாவின் மேலுறையையும் சிதைக்கின்றன. பூச்சோ செலவாவதில்லை. மேலும், ஒளி பட்ட பரப்பில் நீர் துளியாக நில்லாது மெல்லிய படலமாகப் பரவி அழுக்கை அடித்துச் செல்கிறது. வெயிலும் மழையும் படும் கட்டடக் கண்ணாடிகளுக்கு இது மிகவும் பயன்படுகிறது.

மருத்துவமனை அறையின் நிலை வேறு. இப்பொருள் செயற்பட ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி தேவை. அறையில் எரியும் சாதாரண எல்.இ.டி. விளக்குகளில் அது மிகக் குறைவு. இருளில் அறவே இல்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் செயற்படுமாறு நைட்ரஜன் முதலியவற்றைச் சேர்த்த வகைகள் உருவாக்கப்பட்டுள்ளன. எனினும், பரப்பைத் தொட்டிருக்கும் கிருமிகளையே பூச்சு தாக்கும். இரத்தமோ சளியோ தூசியோ மேலே படிந்தால் ஒளியும் தடைப்படும், வினையும் தடைப்படும். ஒளி நன்கு கிடைத்தாலும் இதன் வேலை மெதுவாகவே நடக்கும். கிருமியோ கட்டிலின் கைப்பிடியிலிருந்து நம் விரலுக்கும், விரலிலிருந்து நோயாளியின் புண்ணுக்கும் நொடிப்பொழுதில் சென்றுவிடும்.

ஆதலால் பூச்சு துணையே தவிர மாற்று அன்று. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பானை 20 முதல் 30 நொடிகள் தேய்த்துக்கொள்ளுங்கள். கையில் அழுக்குத் தெரிந்தால் சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடிகள் கழுவுங்கள். கைப்பேசியையும் துடைத்து வையுங்கள். கட்டுப் போட்ட புண்ணைத் தொட வேண்டாம். எங்கள் பணியாளர் எவரேனும் கை சுத்தம் செய்யாது நோயாளியின் அருகே வந்தால் தயங்காமல் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் குறையாகக் கொள்ளமாட்டோம்.