உலோகத்தின் மேற்பரப்பும் பாஸிட்ரானும்

இரும்பிலே துரு முதலிற் பற்றுவது அதன் மேற்பரப்பிலேயாம். மோட்டார் வண்டியின் புகையைத் தூய்மை செய்யும் பிளாட்டினமும் பல்லேடியமும் தம் வெளிப்புறத்து அணுக்களைக் கொண்டே அத்தொழிலைப் புரிகின்றன. ஆயினும் அவ்வெளி வரிசையை மாத்திரம் தனித்து ஆராய்தல் எளிதன்று. எக்ஸ்-கதிர்கள் உலோகத்துள் ஆழ்ந்து செல்வன. விரைவுள்ள எலெக்ட்ரான்களும் பல வரிசைகளைக் கடந்து செல்வன. ஆதலின், மேலுள்ள செய்தியும் கீழுள்ள செய்தியும் கலந்தே நமக்குக் கிட்டுகின்றன. இவ்விடர்ப்பாட்டை நீக்கத் துணைபுரிவது பாஸிட்ரான் என்னும் நுண்துகள்.

பாஸிட்ரான் யாது? எடையில் எலெக்ட்ரானை ஒத்தது. மின்சாரத் தன்மையில் அதற்கு நேர்மாறானது. இத்தகைய துகள் ஒன்று இருத்தல் வேண்டுமென்று டிராக் என்னும் ஆங்கில அறிஞர் 1931-ல் கணக்கினாற் கூறினார். 1932-ல் ஆண்டர்ஸன் என்னும் அமெரிக்கர் காஸ்மிக் கதிர்களிடையே அதனைக் கண்டார். இக்காலத்தில் சோடியம்-22 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து அதனைப் பெறுகின்றனர்.

பாஸிட்ரானும் எலெக்ட்ரானும் கூடினால் இரண்டும் அழியும். அவற்றிற்கு ஈடாகப் பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்கள் தோன்றும். ஒவ்வொன்றின் சக்தியும் ஏறக்குறைய 511 ஆயிரம் எலெக்ட்ரான்-வோல்ட். எலெக்ட்ரான் அசைவற்றிருப்பின் அவை நேர் எதிர்த் திசைகளிற் செல்லும். இயங்கிக்கொண்டிருப்பின் அந்நேர்கோடு சிறிது கோணும். அக்கோணலை அளந்து, உலோகத்துள் எலெக்ட்ரான்கள் இயங்கும் வகையை அறிகின்றனர்.

இனி மேற்பரப்பிற்கு வருவோம். மெதுவாகச் செலுத்தப்பட்ட பாஸிட்ரான்களை உலோகத்தின் எலெக்ட்ரான்கள் தம்பால் இழுக்கும். அணுக்கருக்களோ அணுகவொட்டாது தள்ளும். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட பாஸிட்ரான்களிற் பல, மேற்பரப்பை ஒட்டியே தங்கி அங்கேயே அழியும். அவற்றுட் சில, அணுவின் உள்வட்டத்து எலெக்ட்ரானோடு கூடி அழிவதுண்டு. அவ்வெற்றிடத்தில் வெளிவட்டத்து எலெக்ட்ரான் ஒன்று வந்து விழ, விடுபட்ட சக்தி மற்றோர் எலெக்ட்ரானை வெளியே எறியும். இதற்கு ஆஜே எலெக்ட்ரான் என்பது பெயர். அதன் சக்தியைக் கண்டு, அவ்வணு செம்போ நிக்கலோ என்று துணியலாம்.

ஆஜே எலெக்ட்ரான்களைப் பெறும் பழைய முறையிலே, ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்-வோல்ட் சக்தியோடு எலெக்ட்ரான்களை மோதுவிக்க வேண்டும். அப்போது வேண்டாத எலெக்ட்ரான்கள் வெள்ளம்போல் எழுந்து உண்மைச் செய்தியை மறைக்கும். பாஸிட்ரானுக்கோ சில எலெக்ட்ரான்-வோல்ட்டே போதும். அது மோதுவதனாலன்றி அழிவதனாலன்றோ செய்தி தருகின்றது! அமெரிக்காவில் அலெக்ஸ் வைஸ் முதலியோர் இதனை 1988-ல் செய்து காட்டினர்.

குறை ஒன்றுண்டு: பாஸிட்ரான்கள் அரியவை; ஆதலின் அளவெடுக்க நெடுநேரம் ஆகும். இக்குறையை நீக்கவே, ஜெர்மனியில் மியூனிக் நகரருகிலுள்ள அணு உலையில், வினாடிக்கு ஏறக்குறைய 100 கோடி பாஸிட்ரான்கள் தரும் கற்றை அமைக்கப்பட்டது. கணக்கேட்டில் ஒரு குறியாகப் பிறந்த துகள், துருவின் தோற்றுவாயை ஆராயுங் கருவியாயிற்று. உடனே பயன் தோன்றாத கல்வியை வீணென்று தள்ளுவோர் இதனைச் சிந்திப்பாராக.